ஜன்னலைத் திறக்கலாமா, மூடலாமா?

மே மாதம், பகல் ஒரு மணி. ஒடுகத்தூரில் ஒரு தார்சு வீட்டுக்குள் சண்டை நடக்கிறது.

“டேய், அந்த ஜன்னல மூடுடா. அனல் அடிக்குது.”

“காத்து வரட்டும் ஆயா. உள்ள வேகுது.”

முதல் குரல் ஆயாவுடையது. இரண்டாவது குரல், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் பேரனுடையது. ஆயா மூடுவார், பேரன் திறப்பான், ஆயா எழுந்துபோய் மறுபடி மூடுவார். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். நீங்கள் யார் பக்கம்? மேலே படிப்பதற்கு முன்பே ஒரு முடிவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிச் சொல்லக் கூடாது.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு வெப்பமானி போதும். வெளியே நிழலில் 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். காலையிலேயே ஜன்னல்களைச் சாத்தி வைத்த வீட்டுக்குள் 34 அல்லது 35 இருக்கும். திறந்தால் 40 டிகிரிக் காற்று உள்ளே வரும். முகத்தில் பட்டதும் சுகமாகத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அறையும் தெருவும் ஒன்றாகிவிடும். ஆகவே பகல் ஒரு மணிக்கு ஆயா ஜெயித்தார்.

இரவு எட்டு மணிக்கு அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெளியே 32-க்கு இறங்கிவிட்டது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரையும் சுவரும் இப்போது சூட்டை உள்பக்கம் விட்டுக்கொண்டிருக்கின்றன. அறையில் 36. இப்போது ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். “கொசு வரும்” என்று ஆயா அப்போதும் மூடி வைத்திருந்தால், இந்த ஆட்டம் பேரனுக்கு.

மேஸ்திரி ஜன்னலைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எந்த மணிக்குத் திறப்பது, எந்த மணிக்குச் சாத்துவது என்பதை அவர் சிமென்ட்டில் கலந்து வைக்கவில்லை. அது குடியிருப்பவர்கள் பாடு. ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று சற்றே குளிர்ச்சியாகவும் இன்னொன்று புழுங்கிக்கொண்டும் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். மனிதர்கள் கட்டடத்துக்குள் என்னதான் செய்கிறார்கள், எப்போது ஃபேன் போடுகிறார்கள், எப்போது விளக்கை அணைக்க மறக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன், நம் ஊர் வெயிலைக் கொஞ்சம் கவனிப்போம்.

ஒடுகத்தூர் வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றை ஒட்டியுள்ள ஊர். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 டிகிரி. இந்த எண்ணால்தான் வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நட்டு வைத்த கம்பத்துக்கு அன்று நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று சொல்கிறார்களே, அதுதான். (கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஏப்ரலில் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி 12-ஐத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.)

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை சூரியன் இப்படி உச்சியை விட்டு அதிகம் விலகாமலே சுற்றுகிறது. நடுப்பகலில் சுவர்களின் மேல் வெயில் சாய்வாக உரசிக்கொண்டு போகிறது. முழுவதையும் வாங்கிக்கொள்வது கூரை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும்போது கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் முறை வரும். இரண்டில் மேற்குதான் பொல்லாதது. அந்த நேரத்துக்குள் காற்றும் சுட்டிருக்கும், வீடும் ஏற்கெனவே சூடேறியிருக்கும். மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1950-களில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டபோது அந்த இடம் மரமில்லாத பொட்டல். அங்கே பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஸ்கி மழைநீரைத் தேக்கி, மரங்களை வளர்த்து, அந்த வளாகத்தையே மாற்றினார். கட்டடத்தைத் தொடாமலே கட்டடத்தின் வெப்பத்தைக் குறைக்கிற வழி அது. பலன் கிடைக்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும், அவ்வளவுதான் சிரமம்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் வழியில், ஆடுகளை விட்டுவிட்டுக் கூரைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். கீற்றுக் கூரை ஒன்றிரண்டாவது மிச்சமிருக்கும். கீற்றுகளுக்கு நடுவே சிக்கிக்கிடக்கும் காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது; அதனால் உள்ளே சில்லென்றிருக்கும். ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும், தீப்பொறி பட்டால் எல்லாம் போச்சு. அடுத்தது ஓட்டு வீடு. ஓடுகளுக்கு நடுவே நூறு இடைவெளி. மேலே ஏறும் சூடான காற்று யாரையும் கேட்காமல் அவற்றின் வழியே வெளியேறிவிடும். அதே இடைவெளியில் மழையும் வரும். மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு பிரித்து அடுக்க ஆள் கூப்பிட வேண்டும், குரங்கு தாவினால் மறுபடியும் கூப்பிட வேண்டும்.

பிறகு தார்சு. கம்பி கட்டி, ஜல்லி போட்டு, கான்கிரீட் ஊற்றிய தட்டையான கூரை. எரியாது, குரங்கு பிரிக்காது, மேலே இன்னொரு மாடி எழுப்பலாம், மிளகாயும் வடகமும் காயவைக்கலாம். பழைய வீடுதான் நல்லது என்று பெருமூச்சு விடும் பெரியவர்களை முழுக்க நம்பிவிடாதீர்கள். ஒழுகும் வீட்டில் இரவெல்லாம் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓட்டுக் கூரை தானாகவே செய்துகொண்டிருந்த ஒரு வேலையைத் தார்சு செய்யாது. சூடான காற்று வெளியே போக அதில் வழியில்லை. அந்த வேலை இப்போது உள்ளே இருப்பவர்கள் தலையில் விழுந்துவிட்டது. பலருக்கு அது விழுந்ததே தெரியாது.

கான்கிரீட் செய்வதைப் பாருங்கள். ஐந்து அங்குலக் கனம். மே மாத நடுப்பகலில் அதன் மேல்பக்கம் 60 டிகிரியைத் தொடும், வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்தச் சூடு உடனே கீழே வராது. மெல்ல மெல்ல உள்ளிறங்கி அடிப்பக்கத்தை எட்டச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் வெயில் சாய்ந்த பிறகு, ஆறு ஏழு மணிக்குத்தான் கூரையின் அடிப்பக்கம் மிகச் சூடாக இருக்கிறது. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போது மேலிருந்து அகச்சிவப்புக் கதிராக அது உங்கள் மேல் இறங்குகிறது. வெப்பமானி 34 காட்டும், உடம்போ அதைவிட அதிகம் என்று சொல்லும். இரண்டுமே பொய் சொல்லவில்லை. வெப்பமானி காற்றை அளக்கிறது. உங்கள் தோல் காற்றோடு சேர்த்துக் கூரையையும் அளக்கிறது.

சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பது இதற்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. மின்சாரக் கட்டண அட்டையில் வருகிற ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். இரண்டு குடம், அதாவது சுமார் 30 லிட்டர், முழுவதும் ஆவியானால் 20 யூனிட் வெப்பம் போகிறது. அதில் பாதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, பாதியை மட்டும் கூரையிலிருந்து எடுத்தது என்றே வைப்போம். அப்போதும் 10 யூனிட். ஒரு டன் ஏசி அந்த அளவு வெப்பத்தை வெளியேற்றக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓட வேண்டும். தண்ணீருக்கே பஞ்சமான வருடத்தில் இதைச் செய்ய முடியாது. அப்போது சுண்ணாம்பு இருக்கிறது. மாடியில் வெள்ளை அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், உள்ளே வராத சூட்டை வெளியே அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. தெலங்கானா அரசு 2023-இல் வெப்பத்தைப் பிரதிபலிக்கும் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. சுண்ணாம்பு வாளியோடு மாடி ஏறிய தாத்தாக்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

இனி உடம்புக்கு வருவோம். நம் பகுதியில் இதை விளக்கத் தோலைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றி எல்லாமே தோல் ஊர்கள். பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும், அதைக் காயவைக்க வேண்டும். எரிக்கிற வெயிலில் நேராகப் போட்டால் மேல்பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து, விறைத்து, மடித்தால் வெடிக்கும். அதனால் நிழலில், காற்று ஓடுகிற இடத்தில் தொங்கவிடுவார்கள். வேண்டியவை இரண்டே: நிழல், காற்றோட்டம். ஈரத் தோலைத் தொட்டிருப்பவர்களுக்குத் தெரியும், காற்றில் காய்ந்துகொண்டிருக்கும்போது அது சில்லென்றிருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

உங்கள் தோலும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. உடம்புக்குள் 37 டிகிரி. தோலின் மேல் 35-ஐ ஒட்டி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்பின் சூடு தானாகக் காற்றுக்குப் போகும். காற்று 35-ஐத் தாண்டினால் கதை தலைகீழ்: காற்றிலிருந்து உடம்புக்குச் சூடு வரும். அப்போது கைவசம் இருக்கும் ஒரே ஆயுதம் வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 ஜூல் போகும். ஆவியாக வேண்டும், அதுதான் நிபந்தனை. சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் ஒரு பயனும் இல்லை.

சென்னைக்காரர்கள் “எங்க ஊர்ல 36-தான், ஆனா தாங்க முடியல” என்பார்கள். நாம் 41-ஐ வைத்துக்கொண்டு அவர்களைக் கேலி செய்வோம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காய மறுக்கிறது. நம் பகுதியில் மே மாதப் பகல் காற்று உலர்ந்தது, வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். அதனால் ஈரத்துணியையோ வெட்டிவேர்த் தட்டியையோ ஜன்னலில் தொங்கவிடும் தந்திரம் இங்கே நன்றாக எடுபடும், சென்னையில் அவ்வளவாக எடுபடாது. ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. வியர்த்ததே தெரியாததால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்பதும் தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள்.

ஃபேனின் ரகசியம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதே இல்லை. அதன் மோட்டார் 75 வாட் அளவுக்கு அறையைச் சூடாக்கத்தான் செய்கிறது. அது குளிர்விப்பது உங்களை, உங்கள் வியர்வையைக் காயவைத்து. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் மூன்று டிகிரி குறைந்தது போலத் தோன்றும். ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் யாரைக் குளிர்விக்கிறது? 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேனை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது அது உடம்பின் மேல் அனலைத் தள்ளுகிறது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு ஃபேனடியில் உட்கார்ந்தால் மட்டுமே பலன்.

எந்த வெப்பநிலையில் மனிதர்கள் சுகமாக இருப்பார்கள்? டென்மார்க்கில் ஃபேங்கர் என்ற அறிஞர் இதற்கு விடை தேடினார். சோதனை அறை ஒன்றில் மாணவர்களை உட்காரவைத்து, ஒரே மாதிரி உடை கொடுத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் கூட்டிக் குறைத்துக் கேட்டார். 1970-இல் புத்தகம் வந்தது, சூத்திரமும் வந்தது. உலகெங்கும் ஏசிக் கட்டடங்கள் அதன்படி அமைந்தன. நல்ல விஞ்ஞானம்தான். ஆனால் அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஜன்னலைத் திறக்கவோ, சட்டைப் பொத்தானைக் கழற்றவோ, திண்ணைக்குப் போய் உட்காரவோ வழியில்லை.

அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1960-களில், சார்லஸ் வெப் என்ற ஆங்கிலேயர் வேறு மாதிரி செய்தார். நம் நாட்டின் ரூர்க்கியிலும் ஈராக்கின் பாக்தாதிலும், மக்கள் தங்கள் வழக்கமான இடங்களில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை ஃபெர்கஸ் நிகோல் அலசி 1974-இல் வெளியிட்டார். 30 டிகிரிக்கு மேலும், காற்றோட்டம் இருந்தால், அங்கே மக்கள் வசதியாகவே இருந்தார்கள். வெயில் ஊர்க்காரர்களின் தோல் வேறு ரகம் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களால் ஏதாவது செய்ய முடிந்தது. ஃபேன் போட்டார்கள், மெல்லிய துணி உடுத்தினார்கள், இடம் மாறி உட்கார்ந்தார்கள். நாள்பட்ட பழக்கமும் சேர்ந்துகொண்டது.

இந்தியாவுக்கென்றே இப்படி ஒரு கணக்கு பிற்பாடு வந்தது. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை, டெல்லி, சிம்லா உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு 2014-இல் ஒரு சூத்திரம் சொன்னார்கள். ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்து வேலை செய்யும் அலுவலகத்துக்கு: சமீப நாட்களின் வெளி வெப்பநிலைச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டுங்கள். நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்போமா? ஏப்ரலில் பகலும் இரவும் சேர்த்துச் சராசரி 31 என்றால், 29.6 வருகிறது. ஜனவரியில் சராசரி 24 என்றால், 25.8. இரண்டு டிகிரிக்குச் சற்றே அதிகமாக ஏறினாலும் இறங்கினாலும் பெரும்பாலோர் குறை சொல்ல மாட்டார்கள். ஒரே மனிதருக்கு ஜனவரிச் சுகம் வேறு, ஏப்ரல் சுகம் வேறு. 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் ஏசியை முதலில் போட்டதும் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது விதி. 18-இல் வைத்துவிட்டுப் போர்வையைத் தேடும் மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் கேட்பாரா என்பது விஞ்ஞானத்துக்குள் வராது.

ஆட்கள் எதை எப்போது செய்கிறார்கள் என்பதும் வேடிக்கையான விஷயம். இங்கிலாந்தில் ஹன்ட் என்ற ஆய்வாளர் அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் கேமராவை வைத்து, விளக்குகளை மட்டும் மாதக்கணக்கில் கவனித்தார். 1979-இல் முடிவு வெளிவந்தது. அறைக்குள் நுழையும்போது இருட்டாகத் தெரிந்தால் விளக்கைப் போடுகிறார்கள். பிறகு வெயில் பளிச்சென்று அடித்தாலும் யாரும் எழுந்துபோய் அணைப்பதில்லை. எல்லோரும் வெளியேறும்போதுதான் அணைகிறது, அதுவும் கடைசி ஆளுக்கு ஞாபகம் இருந்தால். உங்கள் வகுப்பில் காலை பிரேயர் முடிந்து போட்ட டியூப்லைட் பதினோரு மணி வெயிலிலும் எரிந்துகொண்டிருக்கிறதா, பாருங்கள்.

சோம்பல் மட்டும் காரணமில்லை. வகுப்பறை சுவிட்ச் பலகையில் பத்து சுவிட்ச். மூன்றாவது ஃபேனை நிறுத்த எதை அழுத்துவது? ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிப் பார்த்தால் ஆசிரியர் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேன் நின்றுவிடும், பிறகு யார் அந்தப் பக்கம் போவார்கள்? அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நார்மன் 1988-இல் எழுதிய புத்தகத்தில் இதைப் பற்றி நிறைய எரிச்சல்பட்டிருக்கிறார். அறையில் விளக்குகள் எந்த வரிசையில் தொங்குகின்றனவோ அதே வரிசையில் சுவிட்சுகள் இருந்தால் யாருக்கும் குழப்பம் வராது என்பது அவர் வாதம். எலெக்ட்ரீஷியன் வந்து மாற்றும்வரை, ஒரு துண்டுத் தாளும் பசையும் போதும்.

மறுபடி ஜன்னல். மாதவி இந்திரகண்டி என்ற ஆய்வாளர் 2008-இல் ஹைதராபாத் அடுக்குமாடி வீடுகளில் கோடையும் மழைக்காலமுமாகப் போய்ப்போய்க் கேட்டார். மேல்மாடியில் இருப்பவர்கள், நாம் பார்த்த அதே கூரையால், மற்றவர்களைவிட அதிகம் கஷ்டப்பட்டார்கள். திறந்தால் நல்லது என்று தெரிந்தும் பலர் ஜன்னலைத் திறக்கவில்லை. கொசு, சத்தம், திருட்டுப் பயம், எதிர்வீட்டுப் பார்வை. நம் ஊரில் இந்தப் பட்டியலோடு குரங்கையும் சேர்த்துக்கொள்ளலாம். பீரோவையும் சேர்க்க வேண்டும்: அறையில் வேறு இடமில்லாமல் ஜன்னலுக்கு முன்னாலேயே பீரோவை நிறுத்திவிட்ட வீடுகள் எத்தனை! பொறியாளர் தன் கணக்கில் ‘காற்றோட்டத்துக்கு இரண்டு ஜன்னல்’ என்று எழுதியிருப்பார். வாழ்கிற வீட்டில் ஒன்றின் முன்னால் பீரோ, இன்னொன்றில் கொசுவுக்குப் பயந்து போட்ட தாழ்ப்பாள். கட்டடம் இப்படித்தான் இருக்கும் என்று வரைந்தவர் நினைத்ததற்கும், அது உண்மையில் நடந்துகொள்வதற்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. கொசுவலை அடித்தால் காற்றின் வேகம் குறையும், ஆனாலும் மூடிய ஜன்னலைவிட அது எவ்வளவோ மேல்.

வெப்பத்துக்காக மூடச் சொன்னோம். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையை மூடலாமா? கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. உங்களுக்கு 75 என்று வைத்துக்கொண்டால் நாற்பது பேருக்கு 3,000 வாட்: வகுப்பின் நடுவே மூன்று இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டு வைத்தது போல. அதோடு மூச்சு. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். நீங்கள் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. மூடிய அறையில் இது மளமளவென்று ஏறும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே அறைக்காற்றில் இது 1,000 பங்கைத் தாண்டினால் காற்று கெட்டது என்று எல்லை வகுத்தார். மத்தியானம் மூன்றாவது பீரியடில் வரும் கொட்டாவிக்கு ஆசிரியரின் பாடம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

சுவரின் உச்சியில் வைக்கிற சின்ன வென்டிலேட்டர்கள் இந்தச் சிக்கலுக்கு நல்ல வழி. சூடான காற்றும் மூச்சுக்காற்றும் மேலே ஏறி அவற்றின் வழியே போய்விடும், வெயில் நேராக உள்ளே வராது. புறா வருகிறது என்று அட்டையால் அடைத்து வைத்திருப்போம்! பெருவின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில் ஜன்னலைத் திறந்து வைத்தபோது, இயந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைவிட மிக வேகமாகக் காற்று மாறியது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவதால் மருத்துவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. திறந்து வைத்தபோது என்பதைக் கவனித்தீர்களா? மூடினால் பழைய வார்டும் பெட்டிதான்.

உங்களில் சிலருடைய அம்மாவோ அக்காவோ விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போவார்கள். அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கிறார்கள், ஒட்டுகிறார்கள். ஷீட் கூரை என்றால் மெல்லிய தகடு. கான்கிரீட்போல மணிக்கணக்கில் தாமதிக்காது, வெயில் ஏற ஏற உடனே கீழே சூடு. கூரையில் வெள்ளைப் பூச்சு, உச்சியில் காற்றில் தானாகச் சுழன்று சூட்டை இழுத்துவிடும் உருண்டை டர்பைன்கள் இருந்தால் எவ்வளவோ தேவலை. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, போதிய காற்றோட்டம் வேண்டும், வேலை செய்பவர்களுக்கு நியாயமான வசதி தரும் வெப்பநிலை வேண்டும், சுவரும் கூரையும் அதற்கேற்ற பொருளால் அமைய வேண்டும் என்றது.

வீட்டில் ஆயாவும் பேரனும் சண்டையாவது போட முடிந்தது. வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தன் பக்கத்து ஜன்னலைத் தானே திறக்க முடியுமா, ஃபேனைத் தன் பக்கம் திருப்ப முடியுமா? கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருந்தவர்களில், ஜன்னலைத் தாங்களே திறக்க முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் எது சுகமான வெப்பநிலை என்பதிலேயே ஒன்றரை டிகிரி வித்தியாசம் இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கொக்கி இருப்பது மட்டுமே இவ்வளவு செய்கிறது. அம்மா வீட்டுக்கு வந்ததும், அவர் உட்காரும் இடத்தில் ஃபேன் சுவிட்ச் யார் கையில் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் வேலை. சாதாரண அறை வெப்பமானி இரண்டு வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் கேட்டால் கிடைக்கும். ஒன்றை வீட்டுக்குள், இன்னொன்றை வெளியே வெயில் படாத நிழலில், சுவரைத் தொடாமல் நூலில் தொங்கவிடுங்கள். சுவரில் ஒட்டி வைத்தால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று ஐந்து வேளை குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் யாரையும் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். எந்த ஜன்னல் எப்போது திறந்தது, யார் திறந்தார்கள், யார் மூடினார்கள், ஏன் என்று எழுதுங்கள். ‘ஏன்’ கட்டத்தை விட்டுவிடாதீர்கள், மற்ற எல்லா எண்களையும்விட அதில்தான் சுவாரசியம் இருக்கும். இரண்டாவது வாரம் ஒரே விதி: உள்ளே வெளியே எது குளிர்ச்சியோ அதைப் பார்த்துத் திறப்பது, மூடுவது. இரண்டு வாரத்தின் இரவு ஒன்பது மணி எண்களை அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். வானிலையும் இதற்குள் மாறியிருக்கும் என்பதால், உள்வெப்பத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிட வேண்டும். தார்சு வீட்டு நண்பரும் ஓட்டு வீட்டு நண்பரும் சேர்ந்து செய்தால் வரைபடம் இன்னும் நன்றாக இருக்கும். கோடை மழை பெய்த நாளை மட்டும் தனி நிறத்தில் குறியுங்கள்.